பெர்சி ஸ்லெட்ஜ் பாட்டுக்குச் சொந்தக்காரர் யார்?

வண்டல்: 1966இல் வந்த 'வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்' என்ற காதல் பாட்டு ரெக்கார்டின் லேபிளைப் பாருங்கள். எழுதியவர்கள் கால்வின் லூயிஸ், ஆண்ட்ரூ ரைட் என்றிருக்கும். பாடிய பெர்சி ஸ்லெட்ஜ் அந்த வரியில் இல்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆஸ்பத்திரி உதவியாளராக இருந்துகொண்டே பாடிவந்தவர். பருத்திக் காட்டில் வேலை செய்த நாளிலிருந்தே முணுமுணுத்த மெட்டு இது என்று அவரே சொல்லியிருக்கிறார். மெட்டு அவருடையதென்றால் அந்த வரியில் அவர் பெயர் இருந்திருக்க வேண்டும்.

கீழ்ஸ்தாயி: ஒத்துக்கொள்ள மாட்டேன் நண்பரே. முணுமுணுப்பு வேறு, பாட்டு வேறு. லூயிஸ் ஸ்லெட்ஜின் குழுவில் பேஸ், அதாவது கீழ்ஸ்வர கிட்டார், வாசித்தவர்; ரைட் ஆர்கன் வாசித்தவர். இந்தப் பாட்டில் பேஸ் படிப்படியாக இறங்குகிறதே, எனக்கு உயிர் அங்கேதான். அது இல்லாமல் அந்தக் குரல் எதன் மேல் ஏறி நிற்கும்? எழுதியவர் என்ற கிரெடிட்டை ஸ்லெட்ஜ் தானே விரும்பிக் கொடுத்தார். யாரும் பிடுங்கவில்லை.

வண்டல்: கொடுத்தபோது அதன் விலை அவருக்குத் தெரியாது. அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் ரேடியோ பாட்டை ஒலிபரப்பினால் ராயல்டி என்ற உரிமைத்தொகை எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான். பாடகருக்குக் காலணா கிடையாது. எத்தனை லட்சம் முறை ஒலித்திருக்கும்! 1991இல் மைக்கேல் போல்டன் இதையே பாடி முதலிடம் பிடித்து கிராமி இசை விருதும் வாங்கினார். எழுதியவர் பங்கில் ஸ்லெட்ஜுக்கு ஒன்றும் இல்லை. பின்னாளில் அவரே அந்த முடிவுக்காக வருந்தினார்.

மூன்றாவது காது: இரண்டு பேரும் ஸ்டூடியோவை விட்டுவிட்டீர்கள். அலபாமாவின் ஷெஃபீல்டு ஊரில் குவின் ஐவி நடத்திய சின்ன இடம். வேறு வரிகளோடு, காதலி விட்டுப்போன புலம்பலாக வந்த பாட்டை மாற்றச் சொன்னவர் ஐவிதான். ரெக்கார்டில் கேட்கும் அந்த ஃபார்ஃபிசா என்ற மின் ஆர்கனை வாசித்தது ஸ்பூனர் ஓல்டம். நிறவெறி ஆண்ட அலபாமாவில், வெள்ளை இளைஞர்கள் ஒரு கறுப்புப் பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த காதல் பாட்டு இது. அப்புறம் அந்த ஊதுகருவிகள்! சுருதி விலகியிருக்கிறது என்று ரெக்கார்டை வெளியிட்ட அட்லாண்டிக் கம்பெனியின் ஜெர்ரி வெக்ஸ்லர் திரும்பப் பதியச் சொன்னார். பதிந்தும் அனுப்பினார்கள். ஆனால் தவறுதலாகப் பழைய டேப்பே வெளியாகி முதலிடத்துக்குப் போனது. கடைசிப் பகுதியை ஹெட்ஃபோனில் கேளுங்கள், நன்றாகவே தெரியும்.

கீழ்ஸ்தாயி: கேட்டிருக்கிறேன். சுருதி சேராத அந்த இடத்தில்தான் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் ஓல்டம் வாசித்ததற்கு எழுதியவர் பெயர் கேட்பீர்களா? கேட்க மாட்டீர்கள். ஸ்லெட்ஜுக்கு மட்டும் ஏன்?

வண்டல்: ஓல்டம் வந்தபோது பாட்டு இருந்தது. ஸ்லெட்ஜ் பாடுமுன் என்ன இருந்தது? லூயிஸ், ரைட் பெயரை அழிக்கச் சொல்லவில்லை. மூன்றாவதாக ஒரு பெயர், அவ்வளவுதான்.

கீழ்ஸ்தாயி: மூன்றாவது பெயர் என்றால் சரி, அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் பணம் போகாததற்கு லூயிஸையும் ரைட்டையும் குற்றவாளி ஆக்காதீர்கள். பாடுகிறவருக்குப் பங்கு வைக்காத அந்த ரேடியோ சட்டத்தைக் கேளுங்கள்.