தமிழ்வழி பி.எஸ்சி. கணிதம், எம்.ஏ. டெவலப்மென்ட் படிக்கலாமா, பப்ளிக் பாலிசியா?

பெண்ணையாற்றங்கரை (கேள்வி)

வணக்கம். ஊர் கடலூர் பக்கம். பட்டம் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. ஒரு தொண்டு நிறுவனத்துக்காக டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக சர்வே எடுக்கிறேன். ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள். எனக்கோ தலைப்பில் உள்ள ஆசை: வளர்ச்சி பற்றிய எம்.ஏ., இல்லை அரசுக் கொள்கை பற்றிய முதுகலை.

எங்கே தொற்றியது என்றும் சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையும் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கரை மீறியது நினைவிருக்கும். பொங்கல் கழித்து நாணமேட்டில் சர்வே. ஒரு பாட்டி சுவரில் வெள்ளம் விட்டுப்போன சேற்றுத் தடத்தை உள்ளங்கையால் தடவிக் காட்டினார். என் நெஞ்சு உயரம். படிவத்தில் கடைசிக் கேள்வி, அரசு நிவாரணம் கிடைத்ததா, ஆம் அல்லது இல்லை.

"வந்துச்சு, ரெண்டாயிரம். பொண்ண பாகூர்ல குடுத்திருக்கேன். அவளுக்கு அஞ்சாயிரமாம். ஆறு ஒண்ணுதானே தம்பி?"

பாகூர் இருப்பது புதுச்சேரியில். நான் 'ஆம்' என்று தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். வேறு எதையும் எழுத அதில் இடமில்லை. அன்றிலிருந்து உறுத்துகிறது.

அப்பா கொத்தனார். கட்டணத்துக்கு என்ன வழி? என் ஆங்கிலம் சுமார்தான், தாக்குப்பிடிப்பேனா? "அதப் படிச்சிட்டு என்னவா ஆவ?" என்று அப்பா கேட்கிறார். பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முதுநகர்க்காரி

தம்பி, நானும் தமிழ்வழி, விலங்கியல். பெங்களூரு அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. டெவலப்மென்ட் முடித்தேன், இரண்டு வருடம். எந்தப் பட்டம் வைத்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வு, அப்புறம் நேர்முகம். வீட்டு வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்துக்கும் விடுதி, சாப்பாட்டுக்கும் உதவித்தொகை உண்டு. என் அப்பா துறைமுகத்தில் ஐஸ் உடைப்பவர், எனக்கு முழுதாகக் கிடைத்தது. எல்லோருக்கும் அப்படிக் கிடைக்காது. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே போட்டு வையுங்கள். கடைசி வாரத்தில் அலைந்து நான் பட்டது போதும்.

ஆங்கிலம்? முதல் செமஸ்டரில் அழுதிருக்கிறேன். மறுநாள் வகுப்புக்கு நாற்பது பக்கம் படித்து வர வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நான் ஆறாம் பக்கத்தில் இருப்பேன். அப்புறம் ஒரு பழக்கம் பிடித்தது. ஒவ்வொரு கட்டுரையிலும் ஆசிரியர் என்ன சண்டை போடுகிறார் என்று தமிழில் மூன்று வரி எழுதி வைப்பேன். வகுப்பில் அந்த மூன்று வரியை ஆங்கிலத்தில் சொன்னால் போதும், யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை. கணக்கு படித்தவர் என்பதால் புள்ளியியல் தாள் வரும்போது எல்லோரும் உங்கள் அறைக்குத்தான் வருவார்கள், பாருங்கள்.

எது என்று கேட்டால்: இந்தப் பக்கம் 2,000, அந்தப் பக்கம் 5,000 என்று யார், எந்தக் கணக்கில் முடிவு செய்தார்கள் என்று நோண்டுவது பாலிசி. பாட்டி ஏன் ஆற்றங்கரையிலேயே குடியிருக்கிறார், மேட்டு நிலம் யார் கையில் இருக்கிறது என்று போனால் டெவலப்மென்ட். நடைமுறையில் இரண்டும் பாதிக்குப் பாதி கலந்தே கிடக்கும்.

மஞ்சக்குப்பம் மாமா

எதற்குச் சுற்றி வளைப்பு? குரூப் 2 எழுதுங்கள். தாலுகா ஆபீஸில் உட்கார்ந்தால் நிவாரணப் பட்டியலே உங்கள் கைக்கு வரும். இளைஞர்கள் அரசுத் திட்டங்களில் வேலை பார்க்கும் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் (ஃபெலோஷிப்) என்று 2022-ல் 30 பேரை எடுத்தார்கள், இரண்டு வருடம், மாதச் சம்பளம். ஆனால் வெறும் பி.எஸ்சி.யை வைத்து அதற்குப் போட முடியாது. பொறியியல், சட்டம் மாதிரி தொழிற்படிப்பு வேண்டும், இல்லை முதுகலையில் முதல் வகுப்பு வேண்டும். சரி, அந்த வகையில் எம்.ஏ. வீண் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

கன்னியக்கோவில்

நான் எல்லைக்கு இந்தப் பக்கம், புதுச்சேரி. முதலில் பாட்டிக்கு ஒரு பதில். எங்களுக்கு அந்த 5,000 எல்லா ரேஷன் கார்டுக்கும் அறிவித்தது. தண்ணீர் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. மாடி வீட்டுக்காரருக்கும் உண்டு. உங்கள் பக்கம் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சியில் பாதித்த குடும்பங்களுக்கு 2,000. எது நியாயம் என்று என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை. பட்டியல் போட்டால் யாராவது விடுபடுவார்கள், போடாவிட்டால் தேவையில்லாதவருக்கும் போகும்.

படிக்க ஆசைப்படுபவருக்கு எங்கள் ஊர் நல்ல பாடம். 2015-ல் ரேஷன் தானியத்துக்குப் பதில் வங்கியில் பணம் போடும் முறை வந்தது. பிறகு கடைகள் பூட்டியே கிடந்து, 2024-ல்தான் திறந்தார்கள். எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டினால் உங்கள் ஊரில் அரிசி போட்டுக்கொண்டே இருந்தார்கள். உள்ளாட்சித் தேர்தல் இங்கே கடைசியாக நடந்தது 2006-ல். இதையெல்லாம் நேர்முகத்தில் பேசினால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

மற்ற இடங்கள்: டிஸ் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்) என்றால் க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வை முதுகலைக்கு எழுத வேண்டும். சென்னை ஐஐடியின் இரண்டு வருட எம்.ஏ. டெவலப்மென்ட் ஸ்டடீஸுக்கு கேட் (GATE) நுழைவுத் தேர்வு மதிப்பெண். பாலிசிதான் வேண்டும் என்றால் பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியில் 2014 முதல் தனி முதுகலை இருக்கிறது. லண்டன் ஆசை இப்போது வேண்டாம். பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள், கூலி சர்வேயை எப்படிக் காட்டுவீர்கள்? நிறுவனத்திடம் அனுபவச் சான்று மட்டும் எழுதி வாங்கி வையுங்கள்.

பெண்ணையாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. முதுநகர் அக்கா, இ-சேவையில் நேற்றே போட்டுவிட்டேன். அப்பாவிடம் "முழுசா உதவித்தொகை கிடைச்சா மட்டும் போறேன்" என்று சொன்னேன். "பெங்களூர்ல குளிருமே" என்றார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறேன்.

கன்னியக்கோவில் அண்ணன் சொன்னதை வைத்து மறுபடியும் நாணமேட்டுக்குப் போனேன், இந்த முறை டேப்லெட் இல்லாமல். மகளின் ரேஷன் கார்டு சிவப்பா (ஏழைகளுக்கானது) மஞ்சளா (மற்றவர்களுக்கானது), மகள் வீட்டில் தண்ணீர் ஏறியதா என்று கேட்டேன். "கலரெல்லாம் எனக்கு என்னா தெரியும். ஞாயித்துக்கிழம வருவா, அப்ப வந்து கேளு" என்று சொல்லிவிட்டு, காயப்போட்டிருந்த மல்லாட்டையில் (நிலக்கடலை) ஒரு கை அள்ளிக் கொடுத்தார்.