வெல்டிங் தழும்பு இருந்தாலே எம்ஓடி கிடையாதா? டீசல்காரர்களைப் பயமுறுத்தியது போதும்

ரீமேப்_ராசா:
பக்கத்து இழையில் ஒரு மேதாவி எழுதியிருக்கிறார்: "பிரிட்டனில் டிபிஎஃப் (டீசல் புகையின் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி) உறையில் வெல்டிங் தழும்பு தெரிந்தால் எம்ஓடி (வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனை) கிடைக்காது. மாடிஃபை பண்ணின டீசல் எல்லாம் இனி காயலான் கடைக்குத்தான்." அதற்குக் கீழே பத்துப் பேர் கைதட்டல் வேறு. எம்ஓடி சோதனையாளர் கையேட்டைத் திறந்து படித்தவர் ஒருவராவது உண்டா? வடிகட்டியை வெட்டித் திறந்து மறுபடி வெல்டிங் செய்தது தெளிவாகத் தெரிந்தால் நிராகரிக்க வேண்டும் என்று இருக்கிறது, சரி. ஆனால் அதே வரியில், சுத்தம் செய்வது மாதிரி நியாயமான காரணத்துக்காகத் திறந்தது என்று ஆதாரம் காட்டினால் நிராகரிக்க வேண்டாம் என்றும் இருக்கிறது. பாதி வரியைப் படித்துவிட்டு ஊரைக் கலக்க வேண்டாம். தழும்பு வேறு, ஃபெயில் வேறு.

ஒருவழிப்பாதை:
அந்த மேதாவி நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், எனக்கு ஒன்றும் ஆகாது. ஒரே கேள்வி: உங்கள் உறையை எதற்குத் திறந்தார்கள்? சுத்தம் செய்யவா, உள்ளே இருந்ததை வழித்து வெளியே கொட்டவா?

ரீமேப்_ராசா:
பேச்சு என் காரைப் பற்றி இல்லை, விதியைப் பற்றி. ஆதாரம் இருந்தால் தழும்பு தடை இல்லை. ஆமாவா, இல்லையா?

ஒருவழிப்பாதை:
சுத்தம் செய்கிறவர்கள் பெரும்பாலும் வடிகட்டியைக் கழற்றி, உறையை வெட்டாமலே கழுவித் தருகிறார்கள். அறுத்துத் திறந்து வெல்டிங் வைக்கிற வேலையை யார், எதற்குச் செய்கிறார்கள் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆமாவா, இல்லையா?

சைலன்சர்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் வண்டியில் டிபிஎஃப் இல்லை, ரீமேப் (என்ஜின் கணினியின் நிரலை மாற்றி எழுதுவது) இருக்கிறது. புகை மீட்டரில் அளவு 0.3. 2008 ஜூலை முதல் 2013 கடைசி வரை பயன்பாட்டுக்கு வந்த டீசலுக்குப் பொதுவான வரம்பே 1.5. வண்டியின் பிளேட்டில் தயாரிப்பாளர் போட்டிருக்கும் புகை அளவுக்கும் கீழேதான் வருகிறது. புதுக் காரைவிட என்னுடையது சுத்தம். அப்புறம் இந்தத் தழும்புச் சண்டை எதற்கு?

டீசல்_மாமா:
தம்பி சைலன்சர், புகைபோக்கிக் குழாய்க்குள்ளே விரலை விட்டு ஒரு சுற்றுத் தேய்த்துப் பாருங்கள். டிபிஎஃப் நன்றாக வேலை செய்கிற வண்டியில் விரல் கிட்டத்தட்ட வெள்ளையாகவே வெளியே வரும். உங்கள் விரலில் மை அப்பியிருக்கும். அந்த மீட்டர் புகை வழியாக ஒளி எவ்வளவு மறைகிறது என்று மட்டும்தான் பார்க்கும். நுண்துகளை அது எண்ணாது. அதனால்தான் ஜெர்மனியில் 2023 ஜூலை 1 முதல் யூரோ 6 (ஐரோப்பிய மாசுத் தரம்) டீசலுக்குத் துகள்களை எண்ணியே பார்க்கிறார்கள், ஒரு கன சென்டிமீட்டருக்கு 2,50,000 என்று வரம்பு வைத்து. வடிகட்டியைக் கழற்றிய வண்டி அங்கே போனால் தப்பிக்காது. 0.3 என்று மார்தட்டுவது பழைய கதை.

சைலன்சர்:
ஜெர்மனியில் நடப்பது ஜெர்மனிக்கு. நான் ஓட்டுவது பிரிட்டனில்.

ரீமேப்_ராசா:
சரியாகச் சொன்னீர்கள். மாமா, கேட்டது தழும்பைப் பற்றி. பதில் இருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விரலைக் கழுவுங்கள்.

டீசல்_மாமா:
வயதுக்காவது ஒரு மரியாதை வேண்டாமா? போன வருஷம் இன்ஜெக்டர் கிளீனர் ஊற்றினால் எல்லாம் சரியாகும் என்று எல்லோரையும் ஊற்றவைத்த ஆள்தானே நீங்கள்? யாருக்குச் சரியானது?

ரீமேப்_ராசா:
அது வேறு இழை. அங்கேயும் கடைசியில் நான் சொன்னதுதான் நடந்தது.

டீசல்_மாமா:
நடக்கவே இல்லை.

குறுக்குச்சாலை:
எல்லோரும் தழும்பிலேயே நிற்கிறீர்கள். 2018 மே 20-இல் எம்ஓடி விதிகளில் மாறியது அது மட்டுமா? டிபிஎஃப் பொருத்தப்பட்ட காரில் மீட்டர் சோதனையின்போது எந்த நிறத்தில் புகை தெரிந்தாலும் மேஜர், அதாவது ஃபெயில். மீட்டர் 0.3 காட்டினாலும், சோதனையாளர் கண்ணுக்கு நீலமாகவோ சாம்பலாகவோ ஒரு கீற்று தெரிந்தால் போச்சு. 2008 ஜூலை முதல் பயன்பாட்டுக்கு வந்த டீசலில் என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும் அதே கதை. விளக்கே எரியாதபடி மேப் எழுதித் தருகிறவர்களுக்கு அதனால்தான் நல்ல வியாபாரம்.

ரீமேப்_ராசா:
"விளக்கே எரியாதபடி" என்று என்னைத்தான் குத்துகிறீர்கள் என்று தெரிகிறது. என் மேப் அப்படிப்பட்டது இல்லை. இழுவைக்காகப் போட்டது. ரீமேப்பை எம்ஓடியில் தனியாகச் சோதிப்பதே இல்லை, தெரியுமா?

குறுக்குச்சாலை:
உங்கள் பெயரை நான் எழுதவே இல்லையே.

ஒருவழிப்பாதை:
எம்ஓடியில் பார்ப்பதில்லை, சரி. இன்சூரன்ஸிடம் சொன்னீர்களா?

ரீமேப்_ராசா:
இன்சூரன்ஸ் கேள்விக்கு இங்கே இடமில்லை.

சைலன்சர்:
ஹா ஹா. சொல்லவில்லை.

ரீமேப்_ராசா:
நீங்கள் என் பக்கமா, அவர் பக்கமா?

கரும்புகை:
நான் 40 வயதைத் தாண்டிய டீசல் வைத்திருக்கிறேன். எனக்கு எம்ஓடியே வேண்டாம். நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள், நான் வேடிக்கை பார்க்கிறேன்.

குறுக்குச்சாலை:
அந்த விலக்கும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான். என்ஜினையே மாற்றிவிட்டு வேடிக்கை பார்க்காதீர்கள்.

கரும்புகை:
என்ஜின் மாற்றினேன் என்று யார் சொன்னது? பழைய பதிவுகளைத் தோண்டுகிறீர்களா? அதே வகை என்ஜின்தான் அது.

டீசல்_மாமா:
பிரச்சினை எங்கே ஆரம்பிக்கிறது என்பதை யாரும் பேசவில்லை. தினமும் ரெண்டு மைல் ஓட்டி அணைத்தால் வடிகட்டி எரிந்து சுத்தமாகிற 600 டிகிரி சூடு வருவதில்லை. படிந்த கரியை எரிக்க என்ஜின் கூடுதலாகத் தெளிக்கிற டீசல், எரிப்பு பாதியில் நின்றுபோவதால் என்ஜின் ஆயிலில் இறங்குகிறது. ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை இழுத்தால் அளவு மேல்கோட்டைத் தாண்டி நிற்கும், மோந்தால் டீசல் வாடை. இதைப் பார்த்துப் பயந்துதான் பாதிப் பேர் கழற்றுகிறார்கள். புதிதாக மாட்டினால் ஆயிரம் பவுண்டைத் தாண்டும். அவர்களை நான் திட்ட மாட்டேன். சின்னத் தூரம் ஓட்டுகிறவன் டீசல் வாங்கியதுதான் முதல் கோளாறு.

ஒருவழிப்பாதை:
கோபப்படாதீர்கள் மாமா, அவர்களுக்கும் சட்டம் ஒன்றுதான். வடிகட்டி கழற்றிய காரைச் சாலையில் ஓட்டினால் 1,000 பவுண்டு வரை அபராதம், இலகு சரக்கு வண்டி என்றால் 2,500. எம்ஓடி பாஸானாலும் ஓட்டுவது குற்றமே. 2014 பிப்ரவரியிலிருந்தே டிபிஎஃப் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கிறார்கள். 2018-இல் வானம் இடிந்து விழவில்லை. அதற்கு முன்னாலும் தப்பு, பின்னாலும் தப்பு. சிக்குவதுதான் கூடியிருக்கிறது.

ரீமேப்_ராசா:
பாருங்கள், எப்படிப் பந்தை நகர்த்துகிறார் என்று! முதலில் "தழும்பு இருந்தால் எம்ஓடி கிடைக்காது". இப்போது "எம்ஓடி பாஸானாலும் குற்றம்". அப்படியென்றால் தழும்போடு பாஸாகலாம் என்று ஒத்துக்கொண்டாயிற்று. எல்லோரும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒருவழிப்பாதை:
எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆதாரம் என்றால் உண்மையான ஆதாரம். யாரோ ஒரு பட்டறைக்காரர் "சுத்தம் செய்தோம்" என்று கிறுக்கிக் கொடுத்த சீட்டை நம்புவதா வேண்டாமா என்பது சோதனையாளர் முடிவு.

ரீமேப்_ராசா:
சீட்டு சீட்டுதான். கையேட்டில் "கிறுக்கிய சீட்டு கூடாது" என்று எந்தப் பத்தியில் இருக்கிறது?

ஒருவழிப்பாதை:
அப்போது உங்களிடம் இருப்பது கிறுக்கிய சீட்டுத்தான்.

ரீமேப்_ராசா:
நான் பொதுவாகக் கேட்டேன்.

சைலன்சர்:
அந்தச் சீட்டு கொடுக்கிற பட்டறை எங்கே இருக்கிறது? தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

குறுக்குச்சாலை:
இதையும் பொதுவாகத்தான் கேட்கிறாரோ.

டீசல்_மாமா:
சைலன்சர் தம்பி, 0.3 வந்த ஆளுக்குச் சீட்டு எதற்கு?

ரீமேப்_ராசா:
மறுபடி ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் யாரும் பதில் சொல்லவில்லை. விதியில் இரண்டு பாதி இருக்கிறது. முதல் பாதி, வெட்டி வெல்டிங் செய்தது தெரிந்தால் நிராகரிப்பு. இரண்டாவது பாதி, நியாயமான காரணத்துக்கு ஆதாரம் இருந்தால் நிராகரிப்பு இல்லை. தழும்பு மட்டும் காரணம் ஆகாது. இதற்கு எதிராக ஒரு வரி காட்டுங்கள், காரை நாளைக்கே விற்கிறேன்.

ஒருவழிப்பாதை:
விற்கும்போது வாங்குகிறவரிடம் உறை உள்ளே காலி என்று சொல்லிவிடுங்கள்.

ரீமேப்_ராசா:
தழும்பைப் பற்றிப் பேசச் சொன்னேன்.

கரும்புகை:
அதே வகை என்ஜின்தான், இன்னொரு முறை சொல்கிறேன்.