டயரின் பக்கவாட்டில் புடைப்பு: ஜிப்மர் வரை ஓட்டலாமா?

கெடிலக்கரை (கடலூர்):
வணக்கம். மூன்று மாதங்களுக்கு முன் புதுச்சேரியில் ஒருவரிடம் 2015 மாடல் சிறிய கார் ஒன்றை வாங்கினேன். அம்மாவுக்கு மாதம் ஒரு முறை ஜிப்மரில் பரிசோதனை. முழங்கால் வலியோடு அவர் பஸ் படி ஏறுவதைப் பார்க்க முடியாமல்தான் சீட்டு எடுத்து இதை வாங்கினேன்.

நேற்று ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவி, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தபோது இடது முன் டயரின் பக்கவாட்டில் ஒரு புடைப்பைக் கண்டேன். கையிலிருந்த பழத்தைப் பாதியாக நறுக்கி ஒட்டியதுபோல இருந்தது. தரையில் படும் பட்டன் நன்றாகத்தான் இருக்கிறது. அதைக் காட்டித்தான் விற்றவர், "டயர் கிட்டத்தட்ட புதிது" என்றார்.

பஞ்சர் போடுபவர், "உள்ளே ட்யூப் போட்டுத் தருகிறேன், ஆறு மாதம் ஓடும்" என்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன், "பின்னால் மாற்றிப் போடு, அங்கே பாரம் குறைவு" என்கிறார். அடுத்த புதன்கிழமை ஜிப்மர் போக வேண்டும். மஞ்சக்குப்பத்திலிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல். தங்கையின் கல்லூரிக் கட்டணம் கட்டியதில் கையில் பணமில்லை. சம்பளம் வரும்வரை மெதுவாக ஓட்டலாமா? இன்சூரன்ஸில் ஏதாவது கிடைக்குமா?

பழைய டயர்க்கடைக்காரன் (முதலியார்பேட்டை):
தம்பி, அந்த டயரோடு காரை எடுக்காதீர்கள். பதினெட்டு ஆண்டுகள் டயர் கழற்றி மாட்டியவன் சொல்கிறேன்.

ரேடியல் டயரில் எஃகுக் கம்பிப் பட்டை பட்டனுக்குக் கீழேதான் இருக்கிறது. பக்கவாட்டில் இருப்பது ரப்பருக்குள் பொதிந்த நூல் அடுக்கு. கார் டயர்களில் பெரும்பாலும் பாலியெஸ்டர். காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது அந்த நூல்தான். பள்ளத்தின் விளிம்பில் வேகமாக இறங்கினால் டயர் அதற்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கும். காற்று குறைவாக இருந்தால் இன்னும் மோசம். வெளியே கீறல்கூட இருக்காது, உள்ளே நூல் அறுந்திருக்கும். அறுந்த இடத்தில் வெறும் ரப்பர் காற்றைத் தாங்குகிறது. நீங்கள் கண்ட புடைப்பு அதுதான்.

ட்யூப் காற்றைப் பிடித்து வைக்கும், அறுந்த நூலுக்கு ஈடாகாது. ஒட்டுப் போடுவதும் அப்படித்தான். பட்டனில் ஆணி குத்தினால் ஒட்டலாம். பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும் இடம், அங்கே ஒட்டு நிலைக்காது. பின்னால் போடுவதும் தீர்வல்ல. முன் டயர் வெடித்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். பின் டயர் வெடித்தால் வண்டியே சுழன்றுவிடக்கூடும்.

ஸ்டெப்னியை மாட்டி, மெதுவாக டயர்க்கடை வரை மட்டும் போங்கள். ரிம் விளிம்பு நெளிந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். முன்பக்கம் இரண்டையும் மாற்ற வேண்டியிருந்தால், புதிய ஜோடியைப் பின்னால் போட்டு, பின்னால் இருப்பவற்றை முன்னால் கொண்டுவாருங்கள். ஐப்பசி மழையில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டியைச் சமாளிப்பது மிகக் கடினம்.

நெல்லிக்குப்பம் வாசகி:
இன்சூரன்ஸ் பற்றி: வழக்கமான முழு பாலிசியில் டயர் மட்டும் கெட்டால் எதுவும் கிடைக்காது. அதே விபத்தில் வண்டியும் சேதமாகியிருந்தால் டயர் மாற்றும் செலவில் 50 சதவிகிதம் வரை தருவார்கள். டயருக்கென்று தனிக் காப்பு சேர்த்திருந்தால் கதை வேறு, பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 1816 என்றால் 2016ஆம் ஆண்டின் 18ஆம் வாரம் செய்தது. பட்டன் தேயாமலே ரப்பர் கிழடாகிவிடும். ஸ்டெப்னியிலும் பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு எல்லாரும் பதற வேண்டாம். பக்கவாட்டில் உள்நோக்கி மெல்லிய பள்ளம் ஒன்று கோடு போலத் தெரிந்தால், அது பெரும்பாலும் நூல் அடுக்கின் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இணைப்பு. அதனால் கெடுதல் இல்லை. வெளியே துருத்தினால்தான் ஆபத்து.

தவளக்குப்பம் ஓட்டுநர்:
நானும் "இந்த ஒரு வாரம்" என்றுதான் ஓட்டினேன். கிருமாம்பாக்கம் தாண்டியதும் வெடித்தது. எதிரே வந்த பஸ் ஓரம் ஒதுங்கியதால் குடும்பத்தோடு பிழைத்தேன். அம்மாவை வேறு வண்டியில் அழைத்துப் போங்கள், சார்.

கெடிலக்கரை:
எல்லாருக்கும் நன்றி. ஸ்டெப்னியின் எண் 0915. காரோடு வந்தது, ஒருநாளும் தரை தொடாதது, ஆனால் பக்கவாட்டெங்கும் மயிரிழை வெடிப்பு. அதை மாட்டிச் செம்மண்டலம் வரை ஊர்ந்து போனேன்.

டயரைக் கழற்றியதும் உள்ளே நூல் பிரிந்து நின்றதைக் கடைக்காரர் காட்டினார். வலது முன் டயரிலும் காரை நோக்கிய பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பினால் அது வெளியிலிருந்தே தெரிந்திருக்கும். வாங்கிய அன்று நான் திருப்பிப் பார்க்கவில்லை. நண்பரிடம் கைமாற்று வாங்கி இரண்டு புதிய டயர்கள் போட்டேன். ஐயா சொன்னபடி அவை பின்னால். ரிம் நேராக இருக்கிறது. ஸ்டெப்னி அடுத்த மாதம்.

பழைய டயர்களைக் கழித்துக்கொண்டு பணம் தருவதாகக் கடையில் சொன்னார்கள். யாரோ ஒருவர் ட்யூப் போட்டு ஓட்டுவார் என்று தோன்றியது. பணம் வேண்டாம் என்று சொல்லி, என் கண் முன்னாலேயே இரண்டின் பக்கவாட்டையும் அறுக்கச் செய்துவிட்டுத்தான் வந்தேன்.