மறு: ஆல்பர்ட் பயெஸ் கட்டுரை – 'உரசுபடுகை' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இயற்பியலாளர் ஆல்பர்ட் பயெஸ் பற்றிய கட்டுரையில் எக்ஸ் கதிர் ஆடிகள் வரும் பத்தியில் 'grazing incidence' (கதிர் பரப்பை ஒட்டி வந்து விழுவது) என்பதற்கு 'சாய்படுகை' போதும் என்று முந்தைய மடலில் படித்தேன். எனக்கு உடன்பாடில்லை. 30 பாகை சாய்ந்தாலும் சாய்வுதான். இங்கே கதிர் ஆடியின் பரப்பை ஒட்டி, பெரும்பாலும் ஒரு பாகைக்கும் குறைந்த கோணத்தில் வருகிறது. பயெஸின் கண்டுபிடிப்புக்கு உயிரே அந்தச் சிறு கோணம்தான்.

எக்ஸ் கதிர்களுக்குக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1-ஐ விட மிக மிகக் கொஞ்சம் குறைவு. நேராக விழும் கதிர் ஆடிக்குள் புகுந்துவிடும்; பரப்பை ஒட்டி வந்தால் முழுதாகத் திரும்பும். இயற்பியலாளர் ஆர்தர் காம்ப்டன் 1923-லேயே இதை எழுதிவிட்டார். ஆனால் இவ்வளவு தாழ்வாக வரும் கதிரைக் கோளகக் குழியாடி ஒரு திசையில்தான் நன்றாகக் குவிக்கும், புள்ளி கோடாகிவிடும். ஸ்டான்ஃபோர்டில் பால் கிர்க்பாட்ரிக்கும் அவருடைய மாணவரான பயெஸும் 1948-இல் இரண்டு குழியாடிகளை அடுத்தடுத்து, ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்தார்கள். முதல் ஆடி ஒரு திசையில் குவிக்க, இரண்டாவது மற்றத் திசையைப் பார்த்துக்கொண்டது. எலெக்ட்ரான்களைச் சுழலவிட்டு வலுவான எக்ஸ் கதிர் பெறும் சின்க்ரோட்ரான் நிலையங்களில் இன்றும் இதே ஏற்பாடுதான்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். இதற்கே இன்னொரு சொல்லான 'வருடுபடுகை' அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்கேனருக்கு 'வருடி' நிலைத்துவிட்டது. படிமவியல் கட்டுரை ஒன்றில் இரண்டும் அருகருகே வந்தால் குழப்பம். 'உரசு' என்றால் உராய்வு நினைவுக்கு வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார். பாடநூல் friction என்பதற்கு 'உராய்வு' என்ற சொல்லை எடுத்துக்கொண்டது, 'உரசல்' என்பதை விட்டுவிட்டது. "தோட்டா காதை உரசிக்கொண்டு போனது" என்றால் தொட்டும் தொடாமலும் போனது என்றுதானே எவருக்கும் புரிகிறது? நமக்கு வேண்டியது அதே பொருள்.

ஆகவே உரசுபடுகை, உரசுகோணம். இரண்டாவதற்குத் தனித் தேவையும் உண்டு. பள்ளியில் படுகோணத்தைச் செங்குத்துக் கோட்டிலிருந்து அளக்கிறோம். இந்தத் துறையில் பரப்பிலிருந்து அளக்கிறார்கள். 89.5 பாகை படுகோணம் என்றால் உரசுகோணம் 0.5 பாகை. தனிப் பெயர் இல்லாவிட்டால் மாணவர் தடுமாறுவார்.

அப்புறம் கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். பயெஸைப் பாடகி ஜோன் பயெஸின் தந்தை என்ற அளவில் நிறுத்திவிடாதீர்கள். மெக்சிகோவின் புவெப்லாவில் 1912-இல் பிறந்தவர். ஆயுத ஆராய்ச்சி நல்ல சம்பளத்தோடு அழைத்த காலத்தில் மனசாட்சிக்காக அதை மறுத்தவர். 1951-இல் யுனெஸ்கோ வழியாகப் பாக்தாத் போய் இயற்பியல் கற்பித்தார், ஆய்வகம் அமைத்தார். 1960-களில் பாரிசில் யுனெஸ்கோவின் அறிவியல் கல்விப் பணியை நடத்தினார். ஆடிகளுக்கு இணையான இடம் இதற்கும் வேண்டும்.

1960-இல் மென் (ஆற்றல் குறைந்த) எக்ஸ் கதிர்களைக் குவிக்க அவர் முன்வைத்த, ஒன்றுக்குள் ஒன்றான வளையங்கள் கொண்ட தகட்டுக்கு (zone plate) 'வலயத் தகடு' என்று எழுதலாமா? இலங்கை நண்பர்கள் தங்கள் பாடநூல் வழக்கைச் சொன்னால் அதையும் முடித்துவிடலாம்.