புதுப்பிப்பு: மகளின் இரண்டாண்டு விமானப் படிப்பு

பெங்களூரில் இரண்டாண்டு விமானப் போக்குவரத்து மேலாண்மை முதுகலைக்குக் கடன் வாங்கலாமா என்று மகளுக்காகக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அதில் சேர்க்கவில்லை. “பட்டம் வேறு, உரிமம் வேறு, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த நிறுவனங்களின் பட்டியலைப் பாருங்கள்” என்ற யோசனைதான் வழிகாட்டியது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருந்ததால், சிஏஆர்-147 (பராமரிப்புப் பயிற்சி நிறுவனங்களுக்கான டிஜிசிஏ விதி) அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் விமானப் பராமரிப்புப் பொறியியலில் சேர்ந்துவிட்டாள், பி1.1 பிரிவு (டர்பைன் இயந்திர விமானங்களுக்கானது).

எதிர்பாராதது ஒன்று: வகுப்பு முடிந்த பின்னும், பராமரிப்புப் பொறியாளர் உரிமம் பெறச் சேவையிலுள்ள விமானங்களில் 2 ஆண்டுப் பராமரிப்பு அனுபவம் வேண்டும். கல்விக் கடனுக்கோ பொதுவாகப் படிப்புக்குப் பின் 1 ஆண்டுதான் அவகாசம். உரிமம் கைக்கு வருமுன்பே தவணை தொடங்கிவிடும். கட்டணத்தோடு இந்த இடைவெளிக்கும் பணம் ஒதுக்குங்கள்; எங்களை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான்.