மறு: மேப்டு டிரைவுக்குத் தமிழில் என்ன? என் பரிந்துரை: சுட்டுவட்டு

நண்பர்களுக்கு வணக்கம். வேறொரு கணினியில் உள்ள கோப்புறையை நம் கணினியில் ஒரு வட்டு போலக் காட்டும் ‘மேப்டு டிரைவ்’ என்பதற்கு, சொற்பட்டியலில் சேர்க்கத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் சேர்த்துப் படித்தேன். தனித்தனியாக எழுதாமல் ஒரே மடலில் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘பிணைய இயக்ககம்’ (நெட்வொர்க் டிரைவ்) என்று ஏற்கெனவே இருக்கிறதே, இன்னொரு சொல் எதற்கு?

ஐயா, அது பட்டியல்களில் இருக்கிறது, யார் வாயிலும் இல்லை. இயக்ககம் என்றதும் பள்ளிக் கல்வி இயக்ககம் மாதிரி ஓர் அரசு அலுவலகம்தான் நினைவுக்கு வருகிறது. அதற்குப் பக்கத்திலேயே ‘இயக்கி’ வேறு இருக்கிறது, அது டிரைவர், அதாவது ஒரு கருவியை இயக்கும் மென்பொருள். தொலைபேசியில் ஒருவருக்கு வழி சொல்லும்போது ‘இயக்ககத்தை நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள்’ என்கிறோம், அவர் காதில் ‘இயக்கியை’ என்று விழுந்து வைஃபை டிரைவரைக் கழற்றிவிட்டால் அப்புறம் அவரிடம் பேசுவதற்கு இணையமே இருக்காது.

ஆனால் எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் கூப்பிட்டு ‘இசட் டிரைவ் போயிடுச்சு, அதுல இருந்த ஃபைல் எல்லாம் போயிடுச்சு’ என்று பதறுகிறார். எதுவும் போகவில்லை. கோப்புகள் அலுவலகத்துச் சர்வரில், அதாவது எல்லோருக்கும் பொதுவான கணினியில், பத்திரமாக இருக்கின்றன. அவர் மடிக்கணினியில் இருப்பது ஒரே ஓர் எழுத்தும் அதற்குப் பக்கத்தில் ஒரு முகவரியும்தான்: இசட் என்றால் இன்ன சர்வரில் இன்ன பகிர்வுக் கோப்புறை. வட்டு மாதிரி படம் போட்டு, சி வட்டுக்குப் பக்கத்திலேயே வரிசையாக நிறுத்தி வைத்திருப்பதால் அதையும் தன் கணினிக்குள் இருக்கும் பொருளாகவே நினைக்கிறார், அப்படி நினைப்பதில் அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. ‘பிணைய இயக்ககம்’ என்ற பெயரும் அந்த நினைப்பைத்தான் உறுதிப்படுத்துகிறது. அது ஒரு சுட்டு, பொருள் வேறெங்கோ இருக்கிறது என்பதைப் பெயரே சொல்ல வேண்டும் என்பது என் வாதம். அதனால்தான் சுட்டுவட்டு.

வன்வட்டு, நெகிழ்வட்டு, குறுவட்டு என்று வட்டு ஏற்கெனவே ஒரு குடும்பமாக நிற்கிறது, அதில் இதுவும் இயல்பாகச் சேரும்.

> சுட்டுவட்டு என்றால் யாரோ சுட்ட வட்டு, அதாவது எரித்த சிடி என்று படிக்க மாட்டார்களா?

சுட்டுவிரலை யாராவது சூடுபட்ட விரல் என்று படிக்கிறார்களா? சுட்டுவிரல், சுட்டுப்பெயர் என்று ‘சுட்டு’ முன்னால் வந்து பெயரோடு ஒட்டும்போது காட்டுவது என்ற பொருள்தான் நம் காதில் விழுகிறது. வினையாக வரும்போதும் பிரிந்துவிடுகிறது: சுடு என்பதற்குச் ‘சுட்டேன், சுட்ட’, சுட்டு என்பதற்குச் ‘சுட்டினேன், சுட்டிய’. ‘இசட் எழுத்தை அந்தக் கோப்புறைக்குச் சுட்டினேன்’ என்று எழுதினால் குழப்பம் வராது. மேப் என்பதற்கு ‘வரைபடமாக்கு’ என்று ஒருவர் எழுதியிருந்தார், இங்கே எந்தப் படமும் வரையப்படுவதில்லை, அதை விட்டுவிடலாம். வெறும் ‘சுட்டி’ என்று பெயர்ச்சொல்லாக வைக்கத்தான் முடியாது, அது மவுஸுக்குப் போய்விட்டது.

டிரைவ் லெட்டருக்கு ‘வட்டெழுத்து’ என்று வந்த பரிந்துரையையும் ஏற்க முடியவில்லை. வட்டெழுத்து என்பது கல்வெட்டுகளில் இருக்கும் பழைய எழுத்து முறையின் பெயர், அதைத் தேடுகிறவர் விண்டோஸ் உதவிக் குறிப்பில் வந்து விழக் கூடாது. ‘வட்டின் எழுத்து’ என்று பிரித்தே எழுதுவோம், போதும்.

> தொடுப்பு வட்டு? இணைப்பு வட்டு? தொலைவட்டு?

தொடுப்பு எனக்கும் பிடித்த சொல்தான், இலங்கை நண்பர்கள் லிங்க் என்பதற்கு அதை அழகாகப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பேச்சு வழக்கில் அதற்கு ஒரு தகாத உறவுப் பொருளும் உண்டு, அலுவலகத்தில் ஒரு பெண்ணிடம் ‘உங்கள் தொடுப்பு அறுந்திருக்கிறதா’ என்று கேட்க என்னால் முடியாது. இணைப்பு என்ற சொல்லுக்கோ ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. மின்னஞ்சலோடு போவது இணைப்பு, வைஃபை இணைப்பு, வி.பி.என். (வீட்டிலிருந்து அலுவலகப் பிணையத்துக்குள் போகும் பாதுகாப்பான வழி) இணைப்பு. ‘இணைப்பு இருக்கிறதா?’ என்றால் அவர் எதைப் பார்த்து ஆமாம் என்பார்? பெரும்பாலும் வைஃபையைப் பார்த்துத்தான் சொல்கிறார், நாம் வி.பி.என். இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு வேறு பக்கம் தேடுகிறோம். தொலைவட்டு என்றால் மேகச் சேமிப்பு எல்லாமே தொலைவட்டுதான். அதோடு ஏற்கெனவே கோப்பு தொலைந்தது என்று பயந்திருப்பவரிடம் தொலை என்று தொடங்கவும் மனம் வரவில்லை.

> சொல் எதுவானால் என்ன, சிக்கல் தீர்ந்தால் போதாதா?

இதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். இந்தச் சிக்கலில் பழுது பார்ப்பது என்பதே, சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டுப்போனது என்று கண்டுபிடிப்பதுதான். சுட்டு (மடிக்கணினியில் உள்ள எழுத்தும் முகவரியும்), வழி (சர்வர் வரை போகும் பிணையம்), பகிர்வு (சர்வரில் உள்ள கோப்புறை) என்று மூன்று கண்ணிகள். மூன்றையும் சேர்த்து ‘டிரைவ்’ என்று சொல்லும்வரை கேள்வியைக்கூடச் சரியாகக் கேட்க முடியாது.

அடிக்கடி நடப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் மடிக்கணினியைத் திறந்து உள்நுழைகிறார். விண்டோஸ் அந்த நொடியிலேயே பழைய சுட்டுவட்டுகளை மீண்டும் இணைக்கப் பார்க்கிறது. வி.பி.என். இன்னும் எழவில்லை, சர்வர் கிடைக்கவில்லை, இசட் மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழுகிறது. ஒரு நிமிடம் கழித்து வி.பி.என். இணைகிறது, ஆனால் குறி அப்படியே நிற்கிறது, விண்டோஸ் தானாகத் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை. பல நேரம் இருமுறை சொடுக்கினாலே திறந்துகொள்ளும். அதேபோல, கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் சர்வரே அமர்வைத் துண்டிக்கும், விண்டோஸ் சர்வரில் இயல்பான அளவு 15 நிமிடம். அப்போதும் சிவப்புக் குறி வரும், தொட்டால் போய்விடும். இது இரண்டிலும் வழி சரி, பகிர்வு சரி, சுட்டு மட்டும் தூங்குகிறது. ‘சுட்டுவட்டில் சிவப்புக் குறி இருந்தால் முதலில் வி.பி.என். இணைந்திருக்கிறதா என்று பாருங்கள், பிறகு ஒருமுறை திறந்து பாருங்கள்’ என்று ஒரு வரி எழுதி வைத்தால் பாதி அழைப்புகள் வராது என்று நம்புகிறேன்.

அது சுட்டுதான் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. அதே கணினி, அதே ஆள், கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையோடு திறந்தால் அங்கே இசட் இருக்காது. சுட்டு என்பது உள்நுழைந்த அமர்வுக்குச் சொந்தம், நிர்வாகி உரிமையோடு திறப்பது வேறோர் அமர்வாகக் கணக்கு. மென்பொருள் நிறுவும்போது ‘இசட் கிடைக்கவில்லை’ என்று வந்து நிற்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். உண்மையான வட்டாக இருந்தால் இப்படி மறையுமா?

சொடுக்கியும் திறக்கவில்லை என்றால் அங்கிருந்து பிழை எண்கள்தான் துணை. சுட்டுகளைப் போடவும் பார்க்கவும் உதவும் ‘நெட் யூஸ்’ கட்டளையை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிழை 53 என்றால் சர்வரையே எட்ட முடியவில்லை, பழுது வழியில் அல்லது சர்வரின் பெயரில். 67 என்றால் பெரும்பாலும் சர்வர் வரை போய்விட்டோம், அந்தப் பெயரில் பகிர்வுக் கோப்புறை இல்லை, எழுத்துப்பிழையாகவும் இருக்கலாம். 5 என்றால் போய்ச் சேர்ந்தாயிற்று, உள்ளே விட மறுக்கிறது. பகிர்வுக்கு ஓர் அனுமதி, கோப்புறைக்கு ஓர் அனுமதி என்று இரண்டு அடுக்கு, இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். ஒன்றை மட்டும் திறந்துவிட்டு ‘அனுமதி கொடுத்துவிட்டேனே’ என்று சொல்லும் நிர்வாகிகளுக்காகவும் இதை எழுத வேண்டும். 1219 என்றால் ஒரே சர்வருக்கு இரண்டு பயனர் பெயரில் போகப் பார்க்கிறீர்கள், பழைய இணைப்பை நீக்கிவிட்டுத்தான் புதியது.

53 வந்தால் கொஞ்சம் பொறுமை வேண்டும். அலுவலகத்தில் சர்வரின் குறும்பெயரே போதும், வீட்டில் அந்தப் பெயர், பெயரை எண் முகவரியாக மாற்றித்தரும் டி.என்.எஸ்ஸுக்குத் தெரியாமல் போகலாம், முழுப்பெயரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் இல்லையென்றால் வீட்டு ரவுட்டரின் எண் வரிசையைப் பாருங்கள். வீட்டிலும் 192.168.1, அலுவலகத்திலும் 192.168.1 என்று இருந்தால், சர்வர் இதே வீட்டுக்குள் இருப்பதாக நினைத்து மடிக்கணினி உள்ளேயே தேடும், வி.பி.என். பச்சையாக இருக்கும், ஒரு பொட்டலம்கூட, அதாவது ஒரு தகவல் துண்டுகூட, அதற்குள் போகாது. பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும் என்பதால் இதைக் கண்டுபிடிப்பதற்குள் மனிதர் சோர்ந்துவிடுவார்.

இன்னொரு வகையும் உண்டு, கோப்புறை திறக்கிறது, சின்னக் கோப்பு வருகிறது, பெரிய கோப்பு பாதியில் அப்படியே நின்றுவிடுகிறது. அப்போது சுட்டையும் அனுமதியையும் தொடவே கூடாது. சாதாரணமாக ஒரு பொட்டலம் 1500 பைட் வரை போகும், வி.பி.என். தன் உறையைச் சேர்ப்பதால் உள்ளே இடம் குறைகிறது, பெரிய பொட்டலம் வழியில் விழுந்துவிடுகிறது, விழுந்த செய்தியும் திரும்பி வராவிட்டால் இரண்டு பக்கமும் காத்துக்கொண்டே இருக்கும். வழியின் பழுது இது, எம்.டி.யு., அதாவது ஒரு பொட்டலத்தின் உச்ச அளவைக் குறைக்க வேண்டும்.

> பெயருக்குப் பதில் ஐ.பி. எண்ணையே போட்டு மேப் செய்துவிட்டால் டி.என்.எஸ். தொல்லையே இல்லை. குறிப்பில் அதையே எழுதலாமே?

சோதித்துப் பார்க்க மட்டும் சரி. எண்ணில் திறந்து பெயரில் திறக்கவில்லை என்றால் பழுது டி.என்.எஸ்ஸில் என்று உடனே தெரிந்துவிடும், நல்ல சோதனை. ஆனால் நிரந்தரமாக அப்படி வைக்க வேண்டாம். விண்டோஸ் அலுவலகங்களில் ஆளை உறுதிப்படுத்தும் கெர்பரோஸ் முறையின் சான்று சர்வரின் பெயருக்குத்தான் வழங்கப்படுகிறது. எண்ணைப் போட்டால் இயல்பாக விண்டோஸ் பழைய என்.டி.எல்.எம். முறைக்கு இறங்கிவிடும், பாதுகாப்புக்காக அதை மூடி வைத்திருக்கும் இடங்களில் கதவு திறக்கவே திறக்காது. இதையொட்டி இன்னொன்று: கெர்பரோஸுக்கு இரண்டு பக்கக் கடிகாரமும் 5 நிமிடத்துக்குள் ஒத்திருக்க வேண்டும் என்பது இயல்பான வரம்பு. பழைய மடிக்கணினி நேரம் தவறி ஓடினால் கடவுச்சொல் சரியாக இருந்தும் மறுக்கப்படலாம்.

வி.பி.என். இல்லாமல் நேராக இணையம் வழியாகவே சுட்டலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார், தயவுசெய்து வேண்டாம். வழக்கமாக அதற்கு 445 எண் துறையை, அதாவது போர்ட்டை, திறந்து வைக்க வேண்டும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் தீநிரல் பரவியது அந்த வழியாகத்தான், பல இணைய நிறுவனங்கள் அதை அடைத்தே வைத்திருக்கின்றன.

> இலங்கையில் நாங்கள் வலையமைப்பு என்போம், தமிழ்நாட்டில் பிணையம். எதை வைப்பது?

சுட்டுவட்டில் இரண்டுமே தேவைப்படவில்லை, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி. மேக்கிலும் லினக்ஸிலும் வட்டின் எழுத்து கிடையாது, அங்கே கோப்புறையாக ஏற்றுகிறார்கள். சொல்லில் ‘எழுத்து’ வராததால் அங்கேயும் பொருந்தும்.

சரி, சொற்பட்டியலுக்கு நான் எழுதிய வரையறை இது: ‘சுட்டுவட்டு: வேறொரு கணினியில் உள்ள பகிர்வுக் கோப்புறையை, பயனரின் கணினியில் ஒரு வட்டு போலக் காட்டும் சுட்டு. இதை நீக்கினால் கோப்புகள் அழியாது.’ கடைசி வாக்கியம் வரையறைக்குத் தேவையா என்று சிலர் கேட்கலாம். வைத்தே ஆக வேண்டும். பயத்தில் யாரும் ‘நீக்கு’ பொத்தானை அழுத்த மாட்டேன் என்கிறார்கள், பழைய சுட்டை நீக்காமல் புதியதைப் போட முடியவில்லை. கூடவே ஓர் எச்சரிக்கையும் வேண்டும்: சுட்டை நீக்குவது வேறு, சுட்டுவட்டைத் திறந்து உள்ளே இருக்கும் கோப்பை நீக்குவது வேறு. இரண்டாவது சர்வரிலேயே அழித்துவிடும், பிணையம் வழி அழித்தது பொதுவாகப் பயனரின் குப்பைத்தொட்டிக்கும் வராது.

எதிர்ப்பு இருந்தால் இந்த வரையறையின் சொற்களைச் சுட்டியே எழுதுங்கள், திருத்திக்கொள்ளலாம். அடுத்ததாக ஆஃப்லைன் ஃபைல்ஸுக்கும் ஒரு சொல் வேண்டியிருக்கிறது. வி.பி.என். இல்லாதபோதும் இசட் திறக்கிறது, கோப்பு தெரிகிறது, ஆனால் அது மடிக்கணினியில் எடுத்து வைத்த பழைய படி, அவர் அதில் திருத்தம் செய்துகொண்டிருக்கும்போது அலுவலகத்தில் இன்னொருவர் மூலக் கோப்பைத் திருத்துகிறார். ‘இணைப்பறு கோப்பு’ என்று ஒரு மடலில் பார்த்தேன், கேட்டால் வெட்டுப்பட்ட கோப்பு போல இருக்கிறது. ‘கைவசப் படி’ என்று வைக்கலாமா என யோசிக்கிறேன். இதைவிட நல்லது தோன்றினால் அனுப்புங்கள்.