‘சிறுமவாதம்’ வேண்டாம், ‘குறிப்பெச்ச நடை’ என்போம்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வேயின் நடையைக் குறிக்க, ‘மினிமலிசம்’ (குறைந்த சொற்களில் எழுதும் பாணி) என்பதற்கு நிகராகச் ‘சிறுமவாதம்’ என்ற சொல்லை நம் கலைச்சொல் தொகுப்பில் சேர்க்கலாம் என்று இந்த இழையில் ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. சிறுமம் (மினிமம்), பெருமம் (மாக்சிமம்) இரண்டும் கணிதத்துக்கு ஏற்ற சொற்கள். அங்கே அவை அளவைச் சொல்கின்றன. ஹெமிங்வேயின் நடையோ சொற்களை எண்ணிப் பார்த்துப் பிடிபடுவதல்ல.

அவர் வாக்கியங்கள் சிறியவை என்பது உண்மைதான். 1917-இல், பதினெட்டு வயதில், ‘கான்சஸ் சிட்டி ஸ்டார்’ நாளிதழில் நிருபராகச் சேர்ந்தார். குறுகிய வாக்கியங்களை எழுது, முதல் பத்தியைச் சுருக்கமாக வை என்றுதான் அந்த இதழின் நடைக் கையேடு தொடங்கியது. ஆனால் அது செய்தியாளருக்கான சிக்கனம். அந்த மேசையில் உட்கார்ந்த எல்லோரும் அதே விதிகளைத்தான் படித்தார்கள்.

1927-இல் வெளிவந்த ‘ஹில்ஸ் லைக் ஒயிட் எலிபண்ட்ஸ்’ கதையைப் பாருங்கள். ஸ்பெயினில் எப்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு ரயில் நிலையம். பார்சிலோனாவிலிருந்து வரும் ரயிலுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. ஓர் அமெரிக்கனும் ஒரு பெண்ணும் பீர் குடித்தபடி பேசுகிறார்கள். மிக எளிமையான அறுவை சிகிச்சைதான் என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்கிறான். கருக்கலைப்பு என்ற சொல் கதையில் ஓரிடத்திலும் இல்லை. ஒரு கட்டத்தில் அவள் அவனிடம் பேச்சை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுகிறாள். அந்த ஒரே வாக்கியத்தில் ‘தயவுசெய்து’ என்பதற்கான சொல் ஏழு முறை அடுத்தடுத்து வருகிறது. சொற்சிக்கனம்தான் இந்த நடையின் உயிர் என்றால் ஆறை அடித்துவிடலாமே! அடித்தால் கதை செத்துவிடும். சொல்லப்படாத அந்தப் பெரிய விஷயம் அவள் தொண்டையை நெரிப்பதை அந்த ஏழும் சேர்ந்துதான் நமக்குக் காட்டுகின்றன.

ஹெமிங்வேயின் ‘பிக் டூ-ஹார்ட்டட் ரிவர்’ கதை இதைவிடத் தெளிவான சான்று. கதைநாயகன் நிக் கூடாரம் அடிப்பதும், காப்பி போடுவதும், மீன் பிடிப்பதும் பக்கம் பக்கமாக வருகின்றன. இதில் சுருக்கம் எங்கே? 1918-இல் இத்தாலியப் போர்முனையில் படுகாயமடைந்தவர் ஹெமிங்வே. போரிலிருந்து திரும்பியவனைப் பற்றிய கதை இது என்றும், போரைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை என்றும் அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

‘சிறுமவாதம்’ என்பதில் எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. அந்தச் சொல் காதில் விழுந்ததும் ‘சிறுமை’ நினைவுக்கு வந்துவிடுகிறது. மினிமலிஸ்ட் என்று பெயர் சூட்டப்பட்ட அமெரிக்கச் சிறுகதையாசிரியர் ரேமண்ட் கார்வர், அந்தச் சொல்லில் பார்வையின் சிறுமை தொனிக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை என்று 1983-இல் ஒரு நேர்காணலிலேயே சொன்னார். ஆங்கிலத்தில் உறுத்தியது தமிழில் இரட்டிப்பாக உறுத்தும். கார்வர் போன்றோரின் அந்த 1980-களின் போக்குக்குத் தனிப்பெயர் வேண்டுமென்றால் ‘சிக்கன நடை’ போதும்.

ஹெமிங்வேக்கு நான் முன்வைப்பது ‘குறிப்பெச்ச நடை’. எச்சம் என்றால் சொல்லாமல் எஞ்சி நிற்பது. தொல்காப்பிய எச்சவியல் கூறும் பத்து எச்சங்களில், குறிப்பால் உணரவைக்கும் குறிப்பெச்சமும் ஒன்று. ‘இளைதாக முள்மரம் கொல்க’ என்னும் குறளை (879) எடுத்துக்கொள்ளுங்கள். முள்மரத்தை இளசாக இருக்கும்போதே வெட்டிவிடு என்கிறது அது. பகைவன் என்ற சொல் அதில் இல்லை. ஆனால் முள்மரத்தைப் பற்றித்தான் வள்ளுவர் பேசுகிறார் என்று யாரும் நினைப்பதில்லை. சொல்லாமல் விட்டது கேட்பவர் மனத்தில் போய் நிறைகிறது. ஒரு கூற்றுக்கு இலக்கணம் வைத்த பெயரை ஒரு முழுக் கதைக்கு நீட்டுகிறோம், அவ்வளவுதான். சங்க அகப்பாடல்களில் மறைபொருள் உணர்த்தும் உத்திகளான உள்ளுறை, இறைச்சி ஆகியவற்றையும் யோசித்தேன். அவை கருப்பொருளின் (நிலத்துக்குரிய விலங்கு, மரம் போன்றவற்றின்) வழியே இயங்குபவை. எல்லாக் கதைக்கும் பொருந்தா.

‘பனிப்பாறைக் கோட்பாடு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே என்று கேட்கலாம். பனிப்பாறையின் எட்டில் ஒரு பங்குதான் நீருக்கு மேலே இருக்கிறது, அதன் அசைவின் கம்பீரம் அதனால்தான் என்று 1932-இல் ‘டெத் இன் தி ஆஃப்டர்நூன்’ நூலில் ஹெமிங்வே எழுதினார். அவர் தந்த உவமை என்பதால் அதுவும் பதிவில் இருக்கட்டும். ஆனால் விமர்சனம் எழுதுபவருக்கு ஒரே சொல்லிலிருந்து பிறக்கும் பல வடிவங்கள் தேவை. ‘இக்கதையின் எச்சப்பொருள் போர்’, ‘உரையாடல் குறிப்பெச்சமாக நிற்கிறது’ என்று எழுத முடிகிறது. பனிப்பாறையை வைத்துக்கொண்டு அப்படி எழுத முடியவில்லை.

வரையறையில் ஒரு நிபந்தனை கட்டாயம் வேண்டும். தனக்குத் தெரியாததை விட்டுவிடும் எழுத்தாளனின் எழுத்தில் வெற்றிடம்தான் மிஞ்சும் என்று அதே நூலில் ஹெமிங்வே எச்சரிக்கிறார். ஆகவே என் வரைவு இது: ‘குறிப்பெச்ச நடை: எழுத்தாளர் முழுமையாக அறிந்த மையப்பொருளைச் சொல்லாமல் விட்டு, சொன்னவற்றின் வழியே வாசகரை உணரவைக்கும் புனைவு நடை.’

கார்வரின் 1981 தொகுப்பில் பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் சில கதைகளைப் பாதிக்கும் மேல் வெட்டினார். அப்படிப் பிறர் கையால் உண்டான இடைவெளியையும் குறிப்பெச்சம் என்று சொல்லலாமா? கூடாது என்பது என் கருத்து. அதனால்தான் வரைவில் ‘எழுத்தாளர் அறிந்த’ என்பதோடு நிற்காமல் ‘விட்டு’ என்ற வினையையும் அவருக்கே கொடுத்தேன். மாற்றுக் கருத்து இருந்தால் வரையறையைச் சேர்ப்பதற்கு முன் எழுதுங்கள்.